சூட்டில் முள் எங்கே நிற்கிறது

நான் பயந்த ஆள். லொறி ஓட்டிப் பிழைக்கிறவன் இதை வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லாவிட்டாலும் நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் இது தெரியாதவர் யாரும் இல்லை. ரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பாதையில் எதிரே பஸ் வந்தால் நான் ஒதுங்கி நின்று, பஸ் போய், அது கிளப்பிய புழுதியும் அடங்கிய பிறகுதான் லொறியை எடுப்பேன். என் மனைவியின் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு லொறி எதுக்கு, கட்டில் ஒன்னு வாங்கிக் குடுத்தா போதும்" என்று தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். லொறி எங்கள் இருவருக்கும் பொது. அவர் ஓட்டும் நாட்களில் அது பறக்கும், நான் ஓட்டும் நாட்களில் நடக்கும். இரண்டு விதத்திலும் மரக்கறி தம்புள்ளைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

எனக்குப் பாதையை விட, பஸ்ஸை விட, பெரிய பயம் ஒன்று இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், கண்ணாடிக்குள் இருக்கிற சின்ன முள். ஒயில் மீட்டர் முள். இஞ்சினுக்குள்ளே இரும்பும் இரும்பும் உரசாமல் இருப்பது நடுவில் ஓடுகிற மெல்லிய ஒயிலால்தான். அந்த ஒயிலை உள்ளே இருக்கிற பம்ப் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைத்தான் முள் சொல்லும். முள் சிவப்புக்குள் விழுந்து அங்கேயே கிடந்தால் உள்ளே எல்லாம் தீய்ந்து, இஞ்சின் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் லொறியில் பிரேக்குக்குப் பலம் கொடுப்பதும் இஞ்சின்தான். இஞ்சின் செத்தால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். எங்கள் தோட்டத்துப் பாதையில் கல்லை மிதித்துக்கொண்டு பின்னால் போவதை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். 

அந்த முள்ளுக்கு ஒரு குணம் உண்டு. விடியற்காலையில் இஞ்சினை எடுத்தவுடன் விறுவிறு என்று உச்சிக்கு ஏறி நிற்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் ஏமாந்தவன். குளிரில் ஒயில் தடித்துக் கிடக்கும், தள்ளுவது கஷ்டம், அதனால் முள் மேலே நிற்கும், அவ்வளவுதான். மாத்தளை தாண்டி இஞ்சின் சூடேறியதும் ஒயில் இளகி, முள் நடுவுக்கு இறங்கும். லைட்டில் நிற்கும்போது இன்னும் கீழே வந்து, சிவப்புக்குச் சற்று மேலே நிற்கும். எக்ஸிலேட்டரை மிதித்தால் மறுபடி எழும். இந்த ஏற்ற இறக்கமெல்லாம் நல்லதுதான். சூட்டில், லொறி நிற்க இஞ்சின் சும்மா ஓடும்போது, நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறதா என்பதை மட்டும் பார்க்கவேண்டும். நான் அதை நாளுக்கு நூறு தரம் பார்ப்பேன். மச்சான் பார்ப்பதே இல்லை. "அது அழகுக்கு வச்சிருக்கான் மாப்ள" என்பார்.

அந்த வருடம் என் மனைவி உண்டாகியிருந்தாள். கல்யாணம் முடிந்து பல வருடம் பிள்ளையில்லை. இரண்டு தரம் தங்கியதும் நிலைக்கவில்லை. இந்தத் தரம் ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையை வடக்கே காட்டுக்குள் கோயில் கொண்ட மடு மாதாவிடம் கொண்டுபோய்க் காட்டுவதாக அவள் நேர்ந்திருந்தாள். கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். அவள் இருவரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பொறந்த பொறகு போறதுக்கு யாருங்க நேர்ந்தா? வயித்தில இருக்கிறப்பவே காட்டுறேன்னுதான் நேர்ந்தேன்" என்றாள். 

ஓகஸ்ட் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து வேதக்காரர்கள் லொறியில்தான் போவார்கள். பின்னால் பாய் விரித்து, மேலே படங்கு கட்டி, சட்டி பானை, அரிசி மூட்டை, விறகு எல்லாம் ஏற்றி, தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஈரச் சாக்கைச் சுற்றி, பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். லொறியைக் கழுவி, சுவாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளித்து, புது ஒயில் ஊற்றிப் புறப்படுவது வழக்கம். அந்தத் தரம் மச்சான் கூடுதலாக ஒரு வேலை செய்தார். இஞ்சின் கடகட என்கிறது என்று மேல் மூடியைக் கழற்றி டெப்பட் என்கிற வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். மூடிக்குக் கீழே, மிஞ்சுகிற டீசலைத் திருப்பி டாங்கிக்குக் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்று ஓடுகிறது. அதன் மூட்டுகளில் செப்பு வாஷர் போடவேண்டும். ஒவ்வொரு தரமும் புதிது போடவேண்டும்.

டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் சாமான் எங்கே கிடைத்தது? அப்போது எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய வாஷரை அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செப்பு மறுபடி மிருதுவாகும். பிறகு வரிசை போனது, சாமான் வந்தது, ஆனால் அந்தப் பழக்கம் மச்சானை விட்டுப் போகவில்லை. என் மனைவியின் அடுப்பில், சிரட்டைத் தணலில், அதே வாஷர்களை எத்தனையாவது தரமோ காய்ச்சி எடுத்தார். அவள் இடுக்கியைக் கொடுத்து உதவினாள். அவை கடதாசி போல மெலிந்திருந்தன. நான் புதிது வாங்குவோம் என்றேன். "அடுப்புல வெந்தா புதுசுதான் மாப்ள" என்று என் வாயை அடைத்தார்.

புறப்படும் காலையில் மாதா படத்தை மீட்டர்களுக்கு மேலே ஒட்டினார்கள். என் மனைவி கையால் கட்டிய செவ்வரத்தம் பூவும் துளசியும் கலந்த மாலை, படத்திலிருந்து இறங்கி நேராக ஒயில் மீட்டரின் மேல் தொங்கியது. நான் விரலால் விலக்கினேன். அவள் திருப்பிப் போட்டாள். போகும் வழியெல்லாம் இதே வேலையாக இருந்தது.

"முள்ள நம்புறீங்களா, மாதாவ நம்புறீங்களா?" என்று கேட்டாள்.

"மாதா இஞ்சினுக்குள்ள ஒயில் தள்ள மாட்டாங்க."

"தள்ளுவாங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

போகும்போது முள் தங்கமாக நின்றது. புது ஒயில். மடுவில் காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்கினோம். கூட்டத்தில் யாராவது அவள் வயிற்றில் முட்டிவிடுவார்களோ என்று நான் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்தேன். மாதாவுக்கு முன்னால் நின்று அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. மச்சான் பார்த்துவிடுவாரே என்று மெழுகுவர்த்திப் புகை மேல் பழியைப் போட்டேன்.

திரும்பும் காலையில்தான் அந்தப் புதுமை நடந்தது. மச்சான் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை, டிப் ஸ்டிக்கை, இழுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஒயில் மேல் கோட்டைத் தாண்டி, இரண்டு விரல் அளவு உயரத்தில் பளபள என்று நின்றது. தோட்டத்தில் அளந்து ஊற்றிய ஒயில். இவ்வளவு தூரம் ஓடிய பிறகு கொஞ்சம் குறைந்திருந்தால் சரி, குறையாமல் இருந்தாலும் சரி. கூடியிருந்தது.

"பழைய இஞ்சின், எண்ணெ குடிக்கும் குடிக்கும்னு பயந்தியே. பாரு, சொட்டுக்கூட குடிக்கல்ல. கூட வேற போட்டிருக்கு."

என் மனைவியின் சின்னம்மா பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு இது போதும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். "ஊத்தாத எண்ணெ எப்படிக் கூடும்? மாதா குடுத்தது" என்றார். அவர் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. அடுத்த நிமிடம் லொறியைச் சுற்றி எங்கள் தோட்டமே நின்றது. ஒருவர் பின் ஒருவராக டிப் ஸ்டிக்கின் நுனியில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். ஒருவர் முழங்காலில் பூசினார். ஒருவர் பஞ்சில் நனைத்து எடுத்தார். மச்சான் உபதேசியார் போல டிப் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் மனைவியும் வந்தாள். விரலில் தொட்டு, சேலைக்குள் கையை விட்டு, வயிற்றில் பூசிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல வருடமாக அவள் முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. கூடுவதற்கு எங்கிருந்தோ வரவேண்டுமே என்று ஒரு எண்ணம் வந்து தலையைக் குடைந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருந்தால் ஒயில் பால் போல வெளுத்திருக்கும். இது கறுப்பாக, தெளிவாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்க அங்கே இடமில்லை. மாதா கொடுத்த ஒயிலை நான் முகர்ந்து பார்த்தால் சின்னம்மா என்னை அங்கேயே புதைத்திருப்பார்.

மச்சான் திருவிழாவில் தூங்காமல் திரிந்ததால் நான் ஓட்டினேன். மனைவி நடுவில், மச்சான் அந்தப் பக்கத்துக் கதவோரம். பின்னால் பாட்டு. மதவாச்சி தாண்டும்வரை நான் மாலையை விலக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் நம்புகிறார்கள், நான் ஒருவன் மட்டும் முள்ளைப் பார்க்கவேண்டுமா? வெயில் ஏறியது. தம்புள்ளைச் சந்தியில் வாகனம் நெரிந்து நின்றபோது தாங்கமுடியாமல் ஒரு விரலால் பூவை ஒதுக்கினேன்.

முள் சிவப்பின் விளிம்பில் நின்றது. மிதித்தேன், எழுந்தது, ஆனால் சோம்பலாக, பாதிதான் எழுந்தது. காலை எடுத்தேன், பொத்தென்று விழுந்தது.

"மச்சான், முள்ளு எறங்குது."

"வெயிலு. சூட்டுல எறங்கும்னு நீதானே சொல்லுவ."

"இந்தளவு எறங்காது."

"எண்ணெ நெறைஞ்சு கெடக்கு, எப்படி எறங்கும்? மீட்டரு பழசு. மாலைய விடு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என்னைக் குழப்பியது. ஒயில் குறைந்தால் முள் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒயில் கூடியிருக்கிறது, முள் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஒன்று டிப் ஸ்டிக் பொய் சொல்கிறது, இல்லையென்றால் முள் பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு நாவுல வரை ஓட்டினேன்.  மனத்துக்குள் எங்கள் தோட்டத்துப் பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். எந்த வளைவில் இஞ்சின் பிடித்தால் எங்கே போய் விழுவோம் என்று கணக்குப் போட்டேன். எல்லாக் கணக்கிலும் நடுச் சீட்டில் அவள் இருந்தாள்.

நாவுல தாண்டியதும் அவள் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். அவள் கை வயிற்றிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது. டீசல் வாடை அடித்தது.

முதலில் லொறியின் வாடை என்று நினைத்தேன். எங்கள் சட்டை, சோறு, தலையணை எல்லாவற்றிலும் டீசல் வாடைதான். ஆனால் இது பக்கத்திலிருந்து வந்தது. அவள் விரலை எடுத்து மூக்குக்கு நேரே வைத்தேன். அந்த விரல் காலையில் மாதா ஒயிலைத் தொட்ட விரல். புது இஞ்சின் ஒயிலுக்கு அந்த வாடை கிடையாது. சுத்தமான டீசல்.

அந்த நிமிடம் எல்லாம் விளங்கிவிட்டது. மெலிந்த வாஷர் வழியாக டீசல் கசிந்து, மேல் மூடிக்குள்ளிருந்து இறங்கி, ஒயிலோடு கலந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ஒயில் கூடியது. அதனால்தான் தண்ணீர் போல இளகியது. இளகியதைப் பம்ப் தள்ளினால் அது தடுப்பே இல்லாமல் ஓடிப்போகும், முள் எப்படி நிற்கும்? முள்ளும் உண்மை சொன்னது, டிப் ஸ்டிக்கும் உண்மை சொன்னது. நாங்கள்தான் அதைக் கும்பிட்டுக்கொண்டு வந்தோம். 

நாலந்தாவில் பழைய கல் கோயிலுக்குத் திரும்பும் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், தெரு ஓரத்தில் மட்டமான இடம் ஒன்று இருந்தது. சிக்னல் போட்டு ஒதுக்கினேன்.

"ஏன் நிப்பாட்டுற?" என்றார் மச்சான். "பொழுது சாயிறதுக்குள்ள தோட்டத்துக் கோயிலுக்குப் போய்ச் சேரணும். மடுவுக்குப் போன லொறி மொதல்ல நம்ம கோயில் வாசல்லதான் நிக்கணும். தெரியாதா?"

"போகாது மச்சான். ஒயில்ல டீசல் கலந்திருச்சு. மேல ஏற மாட்டேன்."

"அப்ப நான் ஏத்துறேன். எறங்கு."

"நீங்களும் ஏத்த மாட்டீங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை நிறுத்தும் கைப்பிடியை இழுத்தேன்.

இஞ்சின் நிற்கவில்லை.

மறுபடி இழுத்தேன். நிற்கவில்லை. ஒரு கணம் தயங்குவது போல இருந்தது, பிறகு தானாகவே எழும்பத் தொடங்கியது. என் கால் எக்ஸிலேட்டரில் இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. டீசல் கலந்த ஒயில் நிரம்பி வழிந்து, இஞ்சின் காற்று இழுக்கும் மூச்சுக் குழாய்க்குள் போகிறது. அது தன் ஒயிலையே குடித்து ஓடுகிறது. கைப்பிடியை இழுத்து டீசலை அடைத்து என்ன பிரயோசனம்? உள்ளே இருப்பது தீரும்வரை, அல்லது வெடிக்கும்வரை, அது ஓடும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை தெருவையே மூடியிருந்தது. லொறி முழுக்க நடுங்கியது. மாதா படம் கீழே விழுந்தது.

பயந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. வரக்கூடிய கெட்டதையெல்லாம் அவன் முன்பே மனத்துக்குள் பல தரம் பார்த்து முடித்திருப்பான். மேல் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டால் இஞ்சின் திணறி நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிரேக் பிடிக்காவிட்டால் லொறி பாய்ந்துவிடும். பின்னால் சனம் பயந்து குதித்துக்கொண்டிருந்தது, அந்த உலுக்கலில் ஹேண்ட் பிரேக்கும் நழுவி லொறி நகரப் பார்த்தது. இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றிக்கொண்டு கத்தினேன்.

"மச்சான், எல்லாரையும் எறக்குங்க. பொறகு மூச்சுக் குழாய அடைங்க. சாக்க வச்சு அடைங்க."

அவர் கதவைத் திறந்து குதித்துப் பின்னால் ஓடினார். மனைவி விழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கு."

"நீங்களும் வாங்க."

"நான் காலெடுக்க ஏலாது. நீ எறங்கு."

"நீங்க வராம நான் எறங்க மாட்டேன்."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளை அதட்டியதில்லை. அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தாள். படி உயரம். கால் எட்டவில்லை. இஞ்சின் அலறல் காதைப் பிளந்தது, கால்களுக்குக் கீழே தகரம் சுட்டது, அவள் வாசலில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். நான் கையை நீட்டினேன். எட்டவில்லை. பிரேக்கை விட்டு அவளைப் பிடிப்பதா, பிரேக்கைப் பிடித்து அவளை விடுவதா? அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

சின்னம்மாதான் வந்தார். புகைக்குள்ளிருந்து இரண்டு கை நீண்டு அவளை இடுப்போடு அணைத்து இறக்கியது.

மச்சான் பீப்பாயில் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு கெபினுக்குப் பின்னால் ஏறினார். நிமிர்ந்து நிற்கும் மூச்சுக் குழாயின் வாயில் சாக்கை வைத்து, நெஞ்சால் அழுத்தினார். இஞ்சின் சாக்கை இழுத்தது. அவரையும் சேர்த்து இழுப்பது போல இருந்தது. இரண்டு தரம் இருமியது, லொறியை ஒரு உலுக்கு உலுக்கியது, நின்றது.

எல்லாம் அமைதியானது. புகை கலைய நேரம் எடுத்தது. சனம் தெரு ஓரத்தில் பாயும் மூட்டையுமாக நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மச்சான் கீழே இறங்கி, புல்லில் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த தண்ணீர்க் கோப்பை அவர் கையில் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. பறக்கிற மனிதர் நடுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சின்னம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு லொறியைப் பார்த்து, "மாதாதான் நிப்பாட்டினா" என்றார்.  எனக்கு அப்போது மறுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். வேலிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றில். முகத்தில் இரத்தம் இல்லை.

"புள்ள அசையல்லங்க" என்றாள். "சத்தம் வந்ததிலருந்து அசையல்ல."

முள்ளைப் பற்றியும் இஞ்சினைப் பற்றியும் நான் இத்தனை வருடம் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.  அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் காத்திருந்தோம். அசையவில்லை. சந்தியில் நின்ற ஆட்டோக்காரரிடம் சிங்களத்தில் நிலைமையைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தார். லொறியை மச்சானிடம் விட்டுவிட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

அந்தப் பாதை எனக்கு உள்ளங்கை போலத் தெரியும். அன்று அது முடியவே இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து வந்தாள். நான் ஆட்டோவின் மீட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் எனக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட வெளியே ஒரு முள் இல்லையே என்று நினைத்தேன். இதற்கு முன் இரண்டு தரமும் அப்படித்தான் போனது. அவள் சிரித்துக்கொண்டு இருந்த நாளில்தான் போனது.

அலுவிகாரையில் கடைகள் தொடங்கும் இடத்தில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அவள் "ம்" என்றாள். நான் பயந்து திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, வயிற்றில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு உதை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, கோபமாக. நான் அழுதேன். இந்தத் தரம் பழி போட மெழுகுவர்த்திப் புகை இருக்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஹொந்தாய் நேத, மல்லி?" என்று கேட்டார். நல்லதுதான் என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்பினார்கள். லொறியின் பேரிங் எல்லாம் தேய்ந்து போயிருந்தது, இஞ்சினை இறக்கித்தான் வேலை பார்த்தோம். மச்சான் புது செப்பு வாஷர்களைக் கடையில் சுற்றிக் கொடுத்த தாளோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.  கட்டில் கதையையும் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. மாதா படத்தை என் மனைவிதான் எடுத்துத் துடைத்து, இந்தப் பக்கம் இல்லாமல், அவள் உட்காரும் பக்கத்துக்கு நேரே ஒட்டினாள். மாலையும் அங்கேதான்.

இப்போது மகளுக்கு ஓடுகிற வயது. நான் தம்புள்ளைக்குப் போகும் நாட்களில் என் மனைவி போனில் கூப்பிடுவாள். மற்றப் பெண்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். இவள் கேட்பது வேறு.

"முள்ளு எங்க நிக்குது?"

"மேல நிக்குது."

"இப்பதானே எடுத்தீங்க. அது பச்சக் குளிர்ல நிக்கிறது. சூடேறினதும் சொல்லுங்க."

நாலந்தாவில் அந்த மட்டமான இடத்தில் ஓரம் கட்டுவேன். இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, முள் இறங்கி நிற்கும்வரை பார்த்திருந்து, அவளைப் போனில் கூப்பிடுவேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவாள். பக்கத்தில் தூங்கும் பிள்ளை எழும்பிவிடாமல் மெல்லிய குரலில், "ம், சொல்லுங்க" என்பாள்.